மல்லிக் குச்சி வேர் பிடிக்க

மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருடத்தில் நாலு வாடகை வீடு மாறியாயிற்று. ஒவ்வொரு முறையும் பீரோ, மெஷின், அண்டா எல்லாம் வண்டியில் ஏறிவிடும். தரையில் நட்டு இடுப்பளவு வளர்ந்து நிற்கிற குண்டு மல்லி மட்டும் ஏறாது. முதல் வீட்டைக் காலி செய்தபோது மனசு கேட்காமல் செடியைப் பெயர்த்து எடுத்தேன். வேர் அறுந்துபோய் ஒரே வாரத்தில் சருகாகிவிட்டது. அதற்கப்புறம் செடியைத் தூக்குவதில்லை, குச்சியைத்தான் கொண்டுபோகிறேன். இப்போது மாடியில் பூக்கிற மல்லி, இரண்டாவது வீட்டு வாசலில் நின்றதன் குச்சிக்குக் குச்சி.

அப்பா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வேலை பார்த்தவர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த வெற்றிலைதான். விதை போட்டு யாரும் கொடிக்கால் வைப்பதில்லை. முதலில் அகத்தியை விதைத்து, அது நிழல் கட்டின பிறகு வெற்றிலைக் கொடியைக் கணு கணுவாக நறுக்கி நடுவார்கள். எதற்கு இந்த நிழல் என்று சின்ன வயதில் கேட்டேன். அப்பா சொன்னார்: "வெட்டுன கொடிக்கு வாய் கெடையாது தாயி. குடிக்க முடியாது. அதனால அதுக்கு வேர்வை வர விடக் கூடாது."

எனக்குத் தெரிந்து குச்சி நடுவதில் முக்கால்வாசி விஷயம் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. வேர் இல்லாத குச்சிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதிகம் உறிஞ்சாது. ஆனால் இலை வழியாக உள்ளே இருக்கிற ஈரம் போய்க்கொண்டே இருக்கும். அது காய்ந்துபோகாமலும், அடி அழுகிப்போகாமலும் ஐந்தாறு வாரம் காப்பாற்றினால் வேர் தானாக வரும்.

முதலில் காலம். சித்திரை, வைகாசியில் மல்லிக் குச்சியைத் தொடவே வேண்டாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சரி. குச்சிக்கு மதுரை ஆடி ஆகாது. அம்மியை நகர்த்துகிற அந்த வறண்ட காற்று, இலையில் இருக்கிற ஈரத்தை ஒரே பகலில் உறிஞ்சிவிடும். புரட்டாசிக் கடைசியில் மழை தொடங்கியதிலிருந்து கார்த்திகை முடிய நல்ல நேரம். கார்த்திகைக் கடைசியில் இன்னொரு வசதியும் உண்டு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டங்களில் கவாத்து வெட்டுவார்கள். வெட்டின கிளைகள் வரப்போரம் குவிந்து கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள்.

எந்தக் குச்சி என்பதில் அவசரப்படாதீர்கள். நுனிக்கொழுந்து வேண்டாம், வாடி அழுகிவிடும். சாம்பல் நிறப் பட்டை கட்டின முதிர்ந்த கிளையும் வேண்டாம், வேர் விட ரொம்ப நாள் ஆகும். பச்சை போய்ப் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கிற நடுத்தரக் கிளைதான் சரி. வளைத்தால் கொஞ்சம் வளைந்து, அப்புறம் 'படக்'கென்று ஒடிய வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுங்கள். வெட்டியதை ஈரத் துணியிலோ வாழை இலையிலோ சுற்றி வையுங்கள். பூக்காரம்மாக்கள் சரத்தை எப்படிப் பொத்திக் கொண்டுவருகிறார்களோ அப்படி.

துணி வெட்டிப் பிழைக்கிறவள் நான். ஆனாலும் இதற்குக் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. கத்தரிக்கோல் இரண்டு பக்கமும் அமுக்கித்தான் வெட்டும். பச்சைத் தண்டு நசுங்கின இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். புது பிளேடு ஒன்றை வெந்நீரில் கழுவி எடுத்துக்கொள்வேன். குச்சி ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நாலு கணு வருகிற மாதிரி. அடியில் கணுவுக்குக் கீழே ஒட்டினாற்போல் சாய்வாக வெட்டு, மேலே கணுவுக்கு அரை அங்குலம் விட்டு நேராக வெட்டு. சாய்வு அடி, நேர் நுனி என்று வைத்துக்கொண்டால் இருபது குச்சி கலந்து கிடந்தாலும் தலைகீழாக நட மாட்டீர்கள். இது முக்கியம். வேரைத் தூண்டுகிற சத்து கொழுந்தில் உண்டாகி மேலிருந்து கீழே இறங்கி, அடி வெட்டில் வந்து சேர்கிறது. தலைகீழாக நட்டால் அந்தச் சத்து மண்ணுக்குள் வராமல், வெளியே நிற்கிற அடி வெட்டுக்கே போய்விடும்.

கீழ் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, மேலே ஒரு ஜோடி மட்டும் விடுங்கள். அந்த இரண்டையும் பாதி பாதியாக நறுக்கிவிடுங்கள். மொட்டு இருந்தால் அதையும் கிள்ள வேண்டும். மல்லி மொட்டைக் கிள்ள மனசு வராதுதான். ஆனால் குச்சியில் இருக்கிற கொஞ்சச் சத்தையும் மொட்டு தின்றுவிட்டால் வேருக்கு ஒன்றும் மிஞ்சாது.

மண் விஷயத்துக்கு வருகிறேன். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்தது. ஆனால் நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருகிற நாற்றில் பெரும்பகுதி ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது. கடற்கரை மணல் பூமி அது. தண்ணீர் நிற்காது, அடிவரை காற்று போகும். வேர் விடுகிற குச்சிக்கு அதுதான் தேவை. நாம் வீட்டில் செய்ய, கழுவின மணல் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, சாயத் தண்ணீர் தெளிகிற வரை மூன்று நாலு தடவை அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். எம்-சாண்ட் என்றால் மாவு போகிற வரை கழுவ வேண்டும். எருவோ மண்புழு உரமோ இப்போது ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வேர் வருவதற்கு முன் போடும் எருவால் அடி அழுகுமே தவிரக் குச்சிக்கு ஒரு லாபமும் இல்லை.

நான் நடுவது கழுவின பால் பாக்கெட்டில். அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டுக் கலவையை நிரப்பி, பென்சிலால் குழி குத்தி, இரண்டு கணு உள்ளே போகிற மாதிரி நட்டுச் சுற்றி அழுத்திவிடுவேன். உரக்கடையில் வேர் ஊக்கிப் பொடி கிடைக்கும். குச்சியின் அடியை நனைத்து, பொடியில் லேசாகத் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிட்டு நடுங்கள். அதிகம் ஒட்டினால் கெடுதல். தேன், கற்றாழை எல்லாம் தடவியும் பார்த்தேன், தடவாமலும் பார்த்தேன். என் மாடியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சரி, அகத்தி நிழலுக்கு எங்கே போவது? இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டுக் குச்சி மேல் கவிழ்த்தால் போதும். உள்ளே ஈரம் நிற்கும், இலைக்கு வேர்க்காது. ஆனால் வெளிச்சம் இருந்து வெயில் படாத இடமாக இருக்க வேண்டும். கவிழ்த்த பாட்டில் மேல் நேர் வெயில் பட்டால் இலை வெந்துவிடும். எனக்கு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அப்படி ஓர் இடம் அமைந்தது. ஈரம் சரியா என்று பார்க்க, கலவையில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் போதும், ஒழுகினால் அதிகம். உப்பு போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் உத்தமம்.

இனிமேல்தான் கஷ்டம். பத்துப் பதினைந்து நாளில் சின்னத் துளிர் தெரியும். வேர் பிடித்துவிட்டது என்று எல்லாரும் நம்புகிற இடம் இது. நானும் நம்பி, ஒரு வருடம் எட்டுக் குச்சியைப் பாட்டிலை எடுத்துவிட்டு வெளியே வைத்தேன். மூன்றாம் நாள் எட்டும் தலை சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பருப்பு மாதிரித் தடிப்பு மட்டும்தான், வேர் ஒன்றுகூட இல்லை. குச்சியில் இருந்த சேமிப்பில் வந்த துளிர் அது. ஆகவே துளிரை நம்பாதீர்கள், பிடுங்கியும் பார்க்காதீர்கள். புதிதாக வருகிற வேர் நூலைவிட மெல்லியது, ஒரு தடவை அசைத்தால் அறுந்துவிடும். ஐந்து வாரம் கழித்துப் பாக்கெட்டின் அடி ஓட்டையைப் பாருங்கள். வெள்ளை நுனி எட்டிப் பார்த்தால் சரி. நடுவில் ஏதாவது குச்சியின் அடி கறுத்தால் அதை மட்டும் அந்த நிமிடமே அப்புறப்படுத்துங்கள், பக்கத்துக் குச்சிக்கும் தொற்றும்.

எல்லாச் செடிக்கும் இத்தனை பாடு தேவையில்லை. மணி பிளான்ட், கற்பூரவல்லி, துளசியெல்லாம் டம்ளர் தண்ணீரிலேயே வேர் விடும். இரண்டு அங்குல வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். செம்பருத்தியில் நாட்டுச் சிவப்பு சுலபம், ஹைபிரிட் கலர்கள் சிரமம். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். முருங்கைப் போத்துக்கு நேர் எதிரான வைத்தியம்: கை மொத்தத்தில் நாலு அடிக்கு வெட்டி, சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு நட்டு, தலையில் சாணி அப்ப வேண்டும். அரளியை வெட்டினால் கையை நன்றாகக் கழுவுங்கள், அதன் சாறு விஷம். கறிவேப்பிலைக் குச்சியில் காலத்தை வீணாக்க வேண்டாம். தாய்ச்செடியைச் சுற்றி வேரிலிருந்து முளைக்கிற கன்றைத் தோண்டி எடுங்கள்.

வீடு மாற மூன்று மாதம் அவகாசம் இருந்தால் மல்லிக்குப் பதியன் இன்னும் நிச்சயம். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவின் அடிப்பட்டையை லேசாகச் சீவி, தொட்டி மண்ணில் புதைத்து மேலே செங்கல் வையுங்கள். தாய் அதுவரை பாலூட்டிக்கொண்டே இருக்கும். வேர் பிடித்ததும் அறுத்துக்கொள்ளலாம்.

வேர் வந்த குச்சிக்குப் பாட்டிலை முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று எடுத்து, ஒரு வாரத்தில் முழுசாக எடுத்துவிடுங்கள். அப்புறம் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சமமாகக் கலந்த தொட்டிக்கு, பொழுது சாய்ந்த பிறகு, பாக்கெட்டைக் கிழித்து மண்கட்டி உடையாமல் மாற்றுங்கள். நாலு நாள் நிழல், அதற்கப்புறம் காலை வெயில், பங்குனிக்குள் முழு வெயில். முதலில் வருகிற மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, இரண்டாவது தடவை வருவதைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.