கியர்பாக்ஸைச் சிறிதாக்க 20 மடங்கை எப்படிப் பிரிப்பது?

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது, நமக்கு வேண்டியது 72. அதாவது வேகம் 20 மடங்கு குறைய வேண்டும். ஒரே ஜோடியில் முடிக்கலாம் என்றால் 17 பல் பினியனுக்கு (ஜோடியில் சிறிய சக்கரம்) 340 பல் சக்கரம் தேவை. மாட்யூல் (பல்லின் அளவு: விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, மி.மீ.யில்) 2 என்றால் அதன் விட்டம் 680 மி.மீ. அவ்வளவு பெரியது வேண்டாம், இரண்டு கட்டமாகப் பிரிப்போம்.

படி 1: சமமாகப் பிரிக்காதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் 4.47 × 4.47 என்று போட்டுவிடுவார்கள். ஆனால் இரண்டாம் கட்டத்துக்குப் போகும்போது முறுக்குவிசை ஏற்கெனவே பெருகியிருக்கும், அங்கே பல் தடிமனாகவும் அகலமாகவும் இருந்தாக வேண்டும். எனவே அந்தக் கட்டத்துக்குக் குறைந்த விகிதம் கொடுப்பதே லாபம். எவ்வளவு குறைவாக? அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

படி 2: எக்செலில் ஒரு வரி

முதல் கட்ட விகிதம் அ, இரண்டாவது ஆ (அ × ஆ = 20). இரண்டிலும் ஒரே உலோகம், சக்கரங்கள் கெட்டித் தட்டுகள் என்று வைத்துக்கொண்டால், மொத்தப் பருமன் இதற்கு நேர்விகிதத்தில் இருக்கும்:

(1 + 1/அ + அ + அ²) + அ × (1 + 1/ஆ + ஆ + ஆ²)

அ = 4 → 146.1
அ = 4.47 → 140.6
அ = 5 → 137.5
அ = 5.5 → 136.7
அ = 6 → 137.6
அ = 8 → 154.3

ஒரே ஜோடியில் செய்திருந்தால் 421! எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்தது, 5 முதல் 6 வரை எண் கிட்டத்தட்ட அசையாமல் இருப்பதுதான். அந்த இடைவெளிக்குள் பல் எண்ணிக்கையை நம் வசதிக்குத் தேர்ந்தெடுக்கலாம்.

படி 3: பற்கள்

20 டிகிரி அழுத்தக் கோணத்தில் (பல் எதிர்ப் பல்லைத் தள்ளும் திசையின் சாய்வு), வழக்கமான பல் வடிவத்தில், 17-க்குக் கீழே போனால் பல்லின் அடிப்பாகம் வெட்டுப்பட்டு மெலிந்துவிடும். 17:94, அப்புறம் 18:65 எடுப்போம். மொத்தம் 19.97, போதும். இரண்டு ஜோடியிலும் பொதுக் காரணி இல்லாததால் ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்திக்கும், தேய்மானம் பரவலாகும்.

படி 4: மாட்யூலும் மோதலும்

முறுக்குவிசை 5.5 மடங்கு என்றால் மாட்யூல் சுமார் அதன் கனமூலம், 1.77 மடங்கு. முதல் கட்டம் 1.5 என்றால் இரண்டாவது 2.65 வருகிறது, 3 எடுங்கள்.

இனி பலர் மறப்பது. 94 பல் சக்கரத்தின் வெளி ஆரம் 72 மி.மீ. இரண்டாம் கட்டத்தின் மைய தூரம் 124.5 மி.மீ. வெளியீட்டு ஷாஃப்ட் அந்தச் சக்கரத்தைத் தாண்டிப் போகிறது என்றால் அதற்கு 52.5 மி.மீ. மிச்சம் இருக்கிறது. ஷாஃப்டின் ஆரமும் பேரிங் கூடும் அதற்குள் அடங்கவில்லையா? அ-வை 5-க்கு இறக்குங்கள். பருமன் ஒரு சதவீதம்கூட அதிகரிக்காது.