மார்வெலோட அனைஹிலேஷன் படிக்கப்போறீங்களா? இந்த வரிசைல போங்க

காஸ்மிக் மார்வெல், அதாவது மார்வெல் காமிக்ஸோட விண்வெளிக் கதைகள், எங்க ஆரம்பிக்கறதுன்னு யார் கேட்டாலும் என்னோட பதில் ஒண்ணே ஒண்ணு தான், 2006ல வந்த அனைஹிலேஷன். 1991ல வந்த இன்ஃபினிட்டி காண்ட்லெட்டுக்கு பேரு பெருசு, நல்ல கதையும் கூட, ஆனா அதுல பூமில இருக்கற ஹீரோ கூட்டமே வந்து நிக்கும், யாரு என்னன்னு ஓரளவு தெரிஞ்சிருந்தா தான் ருசிக்கும். அனைஹிலேஷன்ல அந்த பிரச்சனை இல்ல. அந்த நேரத்துல பூமில சிவில் வார் ஓடிட்டு இருந்துச்சு, கேப்டன் அமெரிக்காவும் அயர்ன் மேனும் அங்க அடிச்சிக்கிட்டாங்க, விண்வெளில கிரகம் கிரகமா அழியுது, காப்பாத்த பூமிலருந்து ஒரு அவெஞ்சரும் வரல. அதனாலயே இதுல வர்ற ஒவ்வொரு ஆளும் முக்கியமாயிடறாங்க.

கதை இவ்ளோ தான்: நெகட்டிவ் ஸோன்னு ஒரு இடம், அதோட ராஜா அனைஹிலஸ், பூச்சி மாதிரி கவசம் போட்டவன். நம்ம பிரபஞ்சம் விரிஞ்சு விரிஞ்சு தன்னோட எல்லைக்குள்ள வந்துருச்சுன்னு சொல்லி கணக்கில்லாத கப்பல், பூச்சிப்படையோட கிளம்பி வர்றான். அந்த படைக்கு பேரு அனைஹிலேஷன் வேவ். இதுக்கு மேல கதை தெரியாம படிக்கறது நல்லது, விக்கில போய் பாத்துறாதீங்க, யாரு சாகறாங்கன்னு முதல் பத்திலயே போட்டு வச்சிருப்பாங்க.

இப்போ வரிசை. நிறைய பேர் அனைஹிலேஷன் 1ன்னு போட்டத பாத்து அங்கேயே ஆரம்பிச்சிடறாங்க, அப்புறம் ஒண்ணும் புரியலன்னு விட்டுடறாங்க. அந்த இஷ்யூ கதையோட ஆரம்பம் கிடையாது, போர் தொடங்கி பல நாள் ஆனப்புறம் வர்றது. முதல்ல படிக்க வேண்டியது அனைஹிலேஷன் ப்ரோலாக், ஒரே இஷ்யூ, கீத் கிஃபன் எழுதினது. பிரபஞ்சத்தோட ஓரத்துல கைல்ன்னு ஒரு பெரிய சிறை இருக்கும், வேவ் முதல்ல விழுங்கறது அதைத்தான், அடுத்து நோவா கார்ப்ஸ்ன்ற விண்வெளி காவல்படையோட தாய்க்கிரகம் ஸாண்டார். அந்த ஒரு இஷ்யூல அத்தனை முகமும் வரும், எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கணும்னு கஷ்டப்பட வேண்டாம், பின்னாடி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நேரம் குடுப்பாங்க.

அதுக்கப்புறம் நாலு மினி சீரிஸ், ஒவ்வொண்ணும் நாலு இஷ்யூ: நோவா, சில்வர் சர்ஃபர், சூப்பர் ஸ்க்ரல், ரோனன். வெளிவந்தப்ப நாலும் ஒரே சமயத்துல மாசாமாசம் வந்துச்சு, அதனால சில பேர் நாலுலயும் முதல் இஷ்யூ, அப்புறம் நாலுலயும் ரெண்டாவதுன்னு மாத்தி மாத்தி படிக்க சொல்வாங்க. வேணாம். ஒண்ண எடுத்தா முடிச்சிட்டு அடுத்ததுக்கு போங்க, நாலும் வேற வேற எழுத்தாளர், வேற வேற ஓவியர், கலந்து படிச்சா எதுலயும் மனசு ஒட்டாது.

நோவா தான் முதல்ல, இதுல மட்டும் காம்ப்ரமைஸ் பண்ணாதீங்க. டான் ஆப்நெட்டும் ஆண்டி லானிங்கும் எழுதி கெவ் வாக்கர் வரைஞ்சது. ரிச்சர்ட் ரைடர் 1976லருந்து இருக்கற கேரக்டர், ரொம்ப நாளா ரெண்டாம் வரிசைல இருந்த பையன். இங்க ஸாண்டார் இடிபாட்டுக்கு நடுவுல கண்ணு முழிக்கறான், கூட இருந்த அத்தனை பேரும் போயாச்சு, மொத்த நோவா கார்ப்ஸுக்கும் மிஞ்சினது இவன் ஒருத்தன். ஸாண்டாரோட அறிவு முழுசும் அடங்கின வேர்ல்ட்மைண்ட்ன்ற கம்ப்யூட்டர் இவன் தலைக்குள்ள வந்து உக்காருது, கார்ப்ஸோட மொத்த சக்தியும் ஒரே உடம்புல. அவ்ளோ சக்தி இவன பைத்தியமாக்கிடும், அதனால அந்த குரல் உள்ள இருந்து அடக்கிக்கிட்டே இருக்கும், இவன் அது கூட சண்டை போட்டுக்கிட்டே இருப்பான். ட்ராக்ஸ்ன்ற விண்வெளி போர்வீரன் இவனுக்கு சண்டை சொல்லிக்குடுக்கற பக்கங்களை மட்டும் நிதானமா படிங்க. பயத்தையும் கோவத்தையும் ஓரமா வச்சிட்டு வேலைய பாருன்னு சொல்லிக்குடுக்கறது தான் அது, பின்னாடி மெயின் கதைல ரைடர் தளபதியா நிக்கறப்ப அந்த பாடம் அவன் முகத்துலயே தெரியும். நாலாவது இஷ்யூ முடிஞ்சதும் கொஞ்சம் புக்க மூடி வச்சிருங்க, அங்க நடக்கறது சாதாரண விஷயம் இல்ல.

ரெண்டாவது சில்வர் சர்ஃபர். கிரகங்களை தின்னு வாழற கேலக்டஸோட தூதனா இருந்தவன். கேலக்டஸ் ஏன் இந்த போர்ல மாட்டறாருன்னு இதுல தான் தெரியும், விட்டீங்கன்னா மெயின் கதைல பாதி புரியாது. மூணாவது சூப்பர் ஸ்க்ரல், ஃபென்டாஸ்டிக் ஃபோரோட நாலு பவரும் வச்சிருக்கற வில்லன், இதுல ஒரு அப்பனா தன் மகன் இருக்கற கிரகத்தை காப்பாத்த ஓடறான், நாலுல எனக்கு ரொம்ப பிடிச்சதுல இதுவும் ஒண்ணு. ரோனன் கடைசி, க்ரீ இனத்து வேற்றுகிரகவாசி. கதை சுமார் தான், நேரம் இல்லன்னா முதல் இஷ்யூவும் கடைசி இஷ்யூவும் போதும், ஆனா ரோனன் மேல பொய்க்குற்றம் சுமத்தி க்ரீ சாம்ராஜ்யத்தை விட்டு துரத்திட்டாங்கன்றத மனசுல வச்சுக்கோங்க, அது மெயின் கதைக்கு வேணும்.

இப்ப தான் அனைஹிலேஷன் 1லருந்து 6. மறுபடி கிஃபன், ஓவியம் ஆண்ட்ரியா டி வீட்டோ. ஆறையும் ஒரே மூச்சுல படிங்க, இடைல விட்டா சூடு போயிடும். கேப்ரியேலே டெல்'ஓட்டோ பெயிண்ட் பண்ணின அட்டைப்படங்கள தள்ளிட்டு போகாம ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. டயலாக்ல கேப்பு விட்டு விட்டு பேசுவாங்க, வில்லன் தானோஸ் வர்ற பக்கங்கள்ல யார்கிட்ட என்ன மறைக்கறான்னு கவனிச்சு படிக்கணும், நாலாவது இஷ்யூல அதுக்கு பலன் இருக்கு.

ட்ராக்ஸ் பிடிச்சு போச்சுன்னா 2005ல வந்த ட்ராக்ஸ் த டெஸ்ட்ராயர் நாலு இஷ்யூ இருக்கு, அலாஸ்கால ஒரு சிறைக்கப்பல் விழற கதை, நோவால ட்ராக்ஸ் கூட வர்ற கேமின்ற பொண்ணு அங்கருந்து தான் வர்றா. மூணு வால்யூமா வந்த பதிப்ப வாங்கறவங்களுக்கு இது தானாவே முதல் வால்யூம்ல ப்ரோலாக், நோவா கூட சேர்ந்து வரும், ரெண்டாவதுல மத்த மூணு மினி, மூணாவதுல மெயின் கதையும் ஹெரால்ட்ஸ் ஆஃப் கேலக்டஸ் ரெண்டு இஷ்யூவும். நோவா கார்ப்ஸ் ஃபைல்ஸ்னு ஒண்ணு வரும், அது கேரக்டர் குறிப்புகள், கதை முடியற வரைக்கும் திறக்காதீங்க.

முடிச்சப்புறம் 2007ல ஆரம்பிச்ச அடுத்த கதையான அனைஹிலேஷன் கான்க்வெஸ்ட்டுக்கு போங்க, அதுல ஸ்டார் லார்ட் மினிய தவறவிடாதீங்க, ராக்கெட்டும் க்ரூட்டும் ஸ்டார் லார்ட் கூட ஒரே டீமா சேர்றது அங்க தான். அந்த டீம்லருந்து தான் 2008 கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி காமிக்ஸ் வந்துச்சு, 2014 படத்துக்கு அடிப்படையும் அது தான். கான்க்வெஸ்ட் நடுவுல ரைடரோட சொந்த நோவா சீரிஸ்ல 4லருந்து 7 வரைக்கும் சேர்த்து படிக்கணும், ஆனா நீங்க 1லருந்தே ஆரம்பிச்சிருங்க, போர் முடிஞ்சு ரைடர் பூமிக்கு திரும்பி வர்றது அங்க தான், அத படிக்காம தாண்டறது அவனுக்கு செய்யற அநியாயம்.