கும்பலுக்குப் பயந்து மெக்சிகோ வரும் குடும்பங்கள்: அகதி விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோண்டுராஸின் சான் பெட்ரோ சூலா போன்ற நகரங்களில் சின்னப் பெட்டிக்கடைக்காரர்கூட கும்பலுக்கு மாமூல் கட்ட வேண்டியிருக்கும். மாரா சால்வத்ருச்சா, பாரியோ 18 என்ற இரண்டும் அங்கே பேர்போன கும்பல்கள். மறுத்தால் ஆபத்து கடைக்காரரோடு நிற்பதில்லை. மகனைக் கும்பலில் சேரச் சொல்வார்கள், மகள் மேலும் கண் வைப்பார்கள். அப்படித் தப்பி, குவாத்தமாலாவைக் கடந்து மெக்சிகோவின் தெற்கு எல்லை ஊரான தபாச்சுலாவுக்கு வரும் குடும்பங்கள் அங்கே கொமார் என்ற அகதிகள் ஆணையத்திடம் பாதுகாப்பு கேட்கலாம். தகுதி இருந்தும் பலர் கோட்டை விடுவது சில தவறுகளால்தான்.

முதல் தவறு, நடந்ததைப் பாதி சொல்வது. எல்லையில் அதிகாரி கேட்டதும் "வேலை தேடி வந்தோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். பயம், கூச்சம், இல்லையென்றால் கூட்டிவந்த தரகர் சொல்லிக்கொடுத்தது. வேறு சிலர் "மாமூல் கேட்டு மிரட்டினார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைக் கேட்கிறவருக்கு இது சாதாரணக் குற்றமாகத்தான் தெரியும். 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய காரணங்களைப் பார்க்கிறது. அதனால் 'ஏன் உங்களை?' என்ற கேள்விக்குத்தான் விளக்கமான பதில் வேண்டும். அண்ணன் சாட்சி சொன்னதால் மொத்தக் குடும்பத்தையும் குறிவைத்தார்களா? கும்பலில் சேர மாட்டேன் என்று பையன் எதிர்த்து நின்றானா? கும்பலை எதிர்ப்பதே அரசியல் கருத்தாகப் பார்க்கப்படலாம், குடும்பமும் ஒரு சமூகக் குழுவாகலாம் என்று ஐ.நா. அகதிகள் முகமை 2010-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மெக்சிகோவின் 2011 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அகதிகள் பற்றிய லத்தீன் அமெரிக்கப் பிரகடனமான 1984 கார்த்தஹேனா பிரகடனத்தின் விரிந்த வரையறையையும் ஏற்கிறது: ஊரெங்கும் பரவிய வன்முறையால் உயிருக்கு ஆபத்து என்றாலும் அகதிதான். இதைத் தெரியாமலேயே திரும்பிப் போகிற குடும்பங்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

நேர்காணலில் தேதியை ஊகித்துச் சொல்லாதீர்கள். "முதல் மிரட்டல் எப்போது?" என்றால், "தேதி நினைவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த வாரம்" என்பது நல்ல பதில். வாய்க்கு வந்த தேதியைச் சொல்லி, மனைவி வேறு தேதி சொன்னால் கதையே சந்தேகத்துக்குள்ளாகும். போலீசில் புகார் கொடுக்கவில்லையா? ஏன் என்று சொல்லுங்கள். புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன ஆனது என்பதும் சான்றுதான். வேறு ஊருக்குப் போயிருக்கலாமே என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கேயும் அதே கும்பல் இருக்கிறது என்றால் அதை விவரமாகச் சொல்ல வேண்டும். மிரட்டல் வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். கும்பல் மகனைக் கட்டாயப்படுத்திப் போதைப்பொருள் பொட்டலம் கொண்டுபோக வைத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். பின்னால் வெளிவந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

அப்பா மட்டும் பேசுவது இன்னொரு தவறு. அம்மாவுக்கும் மகளுக்கும் வந்த மிரட்டல் பல நேரம் அப்பாவுக்கே தெரியாது, தெரிந்தாலும் அவர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். தனி நேர்காணல் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கெடு. நாட்டுக்குள் வந்த மறு வேலைநாளிலிருந்து 30 வேலைநாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உயிர்தப்பி ஓடிவந்தவர்களுக்கு இது கொடுமையான கெடு என்பேன். தாண்டிவிட்டால் நோய், கடத்தல் போன்ற உங்கள் கையில் இல்லாத காரணத்தை எழுதிக் கேட்கலாம். விண்ணப்பித்த பிறகு, விண்ணப்பித்த மாநிலத்தை விட்டு அனுமதியில்லாமல் போகக் கூடாது. தபாச்சுலாவில் வேலை கிடைக்காமல் வடக்கே பஸ் ஏறுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். தொடர்ந்து இரண்டு வாரம் கொமார் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகாவிட்டாலும் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கிற தரகரிடம் ஒரு பெசோகூடக் கொடுக்காதீர்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்தையும் அணுக வேண்டாம். மறுத்துக் கடிதம் வந்தால் மறுபரிசீலனை கேட்க 15 வேலைநாட்கள்தான். கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு அன்றே இலவச சட்ட உதவியைத் தேடுங்கள்.