பழைய கணினிக்குப் புதிய பாகம், அதே விண்டோஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினியில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டதும் நீலத்திரை வருகிறது. மதர்போர்டை மாற்றியதும் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நிற்கிறது. உடனே "பார்மட் அடிச்சிரலாம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பல வருடமாகப் போட்டு வைத்த மென்பொருள்கள், பார்த்துப் பார்த்துச் செய்த செட்டிங்ஸ், இன்ஸ்டாலரே இப்போது கிடைக்காத பழைய புரோகிராம்கள் எல்லாம் அதோடு போய்விடும். இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், இப்படிப் பார்மட் ஆகும் பல கணினிகளில் விண்டோஸ் கெட்டுப்போயிருப்பதே இல்லை.

டிஸ்க் எந்த முறையில் இணைந்திருக்கிறது, பூட் எந்த வழியில் நடக்கிறது, என்கிரிப்ஷன் சாவி எந்தச் சிப்பில் இருக்கிறது, லைசென்ஸ் எந்த மதர்போர்டுக்குச் சொந்தம் என்று நான்கைந்து விஷயங்களை நம்பித்தான் விண்டோஸ் ஓடுகிறது. பாகத்தை மாற்றும் கையோடு இதில் ஒன்று நமக்குத் தெரியாமல் மாறிவிடுகிறது. வன்பொருள் பொருந்துகிறதா என்று பத்துத் தடவை பார்ப்பவர்கள்கூட இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பயாஸில் இருப்பதைக் குறித்துக்கொள்ளாமல் ஸ்க்ரூவைக் கழற்றுவது

என் கணக்கில் முதல் தவறு இதுதான். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடி, கணினியைத் தொடங்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள். பழைய கணினியைத் திறந்ததும் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி அது. மாற்றுவது நல்லதுதான். ஆனால் அதைக் கழற்றினால் பல போர்டுகளில் பயாஸ் செட்டிங்ஸ் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். தேதி 2010க்கோ 2015க்கோ போனால் கண்ணுக்குத் தெரியும், சரி செய்துவிடுவோம். டிஸ்க் எந்த முறையில் இணைகிறது என்பதைச் சொல்லும் சாட்டா மோட், ஏஹெச்சிஐ என்ற முறையிலிருந்து ரெய்டுக்கோ ஐடிஇக்கோ மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் லோகோ வந்து, சுற்றி, 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரையில் நிற்கும். புது ரேம் சரியில்லை, எஸ்எஸ்டி சரியில்லை என்று அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். பயாஸுக்குள் போய் அந்த ஒரு செட்டிங்கைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் எதுவும் நடக்காததுபோல் திறக்கும்.

காரணம் எளிது. விண்டோஸ் பூட் ஆகும்போது, முன்பு பயன்படுத்திய டிஸ்க் கண்ட்ரோலருக்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் சிறு மென்பொருளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வேறு முறையில் டிஸ்கைக் காட்டினால் தன் டிஸ்கையே அதனால் படிக்க முடியாது. ஏஹெச்சிஐக்கு வேண்டுமென்றே மாற்றவும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 என்றால், முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டை டிக் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் கொடுத்து, பயாஸில் மோடை மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் உள்ளே போக வேண்டும். அங்கே தேவையான டிரைவர் ஏறிவிடும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். பின் நம்பரை மட்டும் நம்பாமல் கணக்கின் பாஸ்வேர்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே இரண்டு டிஸ்குகளைச் சேர்த்து ரெய்டு கட்டியிருந்தால் அந்த செட்டிங்கைத் தொடவே கூடாது.

ஆகவே எதையும் கழற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். சாட்டா மோட், பூட் மோட் பழைய லெகசியா புதிய யூஇஎஃப்ஐயா, செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா, பூட் வரிசை என்ன, எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் கணினி அணையும். அந்த நிலையில் பாகத்தை மாற்றாமல், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து முழுவதுமாக அணையுங்கள். அப்புறம் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள்.

க்ளோன் செய்யும்போது

ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. ஆனால் கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணமே சாகப்போகிற டிஸ்காக இருக்கலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் படிக்க முடியாத செக்டர்கள், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதென்றால் நேரடியாக க்ளோனில், அதாவது டிஸ்கை அப்படியே நகலெடுப்பதில், இறங்காதீர்கள். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறிடத்துக்கு எடுங்கள். க்ளோன் என்பது டிஸ்க் முழுக்க விடாமல் படிக்கும் வேலை. பலவீனமான டிஸ்க் அதன் நடுவிலேயே நின்றுவிடக்கூடும்.

சி டிரைவை மட்டும் க்ளோன் செய்வது அடுத்த தவறு. யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஃபைல்கள் பெரும்பாலும் 100 எம்பி அளவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற தனிப்பகுதியில் இருக்கும். சின்னதாக இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டால் எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகாது. டிஸ்க் முழுவதையும் எடுங்கள். தொடங்கும் முன் எது மூலம், எது இலக்கு என்று மாடல் பெயரையும் கொள்ளளவையும் வைத்து உறுதி செய்யுங்கள். இது தலைகீழானால் காலி எஸ்எஸ்டி உங்கள் ஹார்ட் டிஸ்க் மேல் எழுதப்பட்டுவிடும்.

க்ளோன் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். எஸ்எஸ்டி போட்டும் வேகமே இல்லையே என்பவர்களில் சிலர், பழைய டிஸ்கிலிருந்தே பூட் ஆகிக்கொண்டிருப்பதைக் கவனிக்காதவர்கள். கழற்றிய டிஸ்கைச் சில வாரம் அழிக்காமல் வைத்திருங்கள். பெரிய எஸ்எஸ்டி வாங்கியும் சி டிரைவை நீட்ட முடியவில்லை என்றால் நடுவில் ரிக்கவரி பார்ட்டிஷன் நிற்கிறது என்று அர்த்தம். க்ளோன் செய்யும் மென்பொருளிலேயே முதலில் அளவை மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

மதர்போர்டிலேயே செருகும் சிறு பட்டை போன்ற எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. உருவம் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கான இடத்தில் மற்றது ஓடாமல் போகலாம். ஏறத்தாழ 2014க்கு முந்தைய பல போர்டுகள் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது. அடாப்டர் கார்டில் மாட்டினால் விண்டோஸுக்குள் தெரியும், பூட் வரிசையில் தெரியாது. விண்டோஸ் 7இல் என்விஎம்இ டிரைவர் இயல்பாகவே கிடையாது. இப்படிப்பட்ட கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும். அன்றாட வேலையில் ஹார்ட் டிஸ்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது.

ரேமில் கவனிக்க வேண்டியது குறைவு. 32 பிட் விண்டோஸில் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு இருக்கிற விண்டோஸை அப்படியே மாற்ற வழி இல்லை, புதிதாகத்தான் போட வேண்டும். லேப்டாப் என்றால் டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் வித்தியாசம் பாருங்கள். பின்னதற்கு 1.35 வோல்ட், முன்னதற்கு 1.5. குறைந்த வோல்ட்டேஜ் மட்டுமே தரும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேம் ஓடாது.

மதர்போர்டே மாறுகிறதென்றால்

முதலில், டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கரைப் பாருங்கள். நீங்கள் ஆன் செய்யாவிட்டாலும், விண்டோஸ் 11 ஹோமில்கூட டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக இயங்கிக்கொண்டிருக்கலாம். சாவியைக் காத்துவைத்திருக்கும் டிபிஎம் சிப் பழைய போர்டோடு போய்விட்டால், 48 இலக்க ரிக்கவரி கீ இல்லாமல் அந்த டிஸ்கைத் திறக்க யாராலும் முடியாது. பிராசசருக்குள்ளேயே டிபிஎம் இருக்கும் கணினிகளில் பிராசசரை மாற்றினாலும் இதே கதைதான். என்கிரிப்ஷனை முழுவதுமாக அணைத்து, டிக்ரிப்ட் முடியும்வரை காத்திருந்துவிட்டு மாற்றுங்கள். கீயை அதே கணினியில் சேமித்து வைப்பதில் பயன் இல்லை.

பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பில் இருக்க, புது போர்டு யூஇஎஃப்ஐ மட்டுமே ஏற்கும் என்றால் பூட் ஆகாது. 2017இல் விண்டோஸ் 10 1703 பதிப்போடு வந்த எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, ஃபைல்களை அழிக்காமலேயே டிஸ்கை யூஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றித் தரும். பேக்கப் எடுத்துவிட்டு, பழைய போர்டில் இருக்கும்போதே ஓட்டிவிடுங்கள். புது போர்டின் நெட்வொர்க் டிரைவரையும் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். இல்லையென்றால் டிரைவர் இறக்க இணையமும் இருக்காது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். புதிய போர்டுகளில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸுமே வேலை செய்யாமல் போகலாம்.

லைசென்ஸை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால், மாற்றியபின் ஆக்டிவேஷன் டிரபுள்ஷூட்டரில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லி மீட்க முயலலாம். கடையில் தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் கூடவே வரும். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த போர்டுக்கே உரியது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கேபிளைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் வகையில் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். டிஸ்க் எரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் செலவு செய்யும் முன் உங்கள் பிராசசரைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும். பிராசசர் இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்குத் தகுதியில்லாத கணினியில் எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதை நான் தடுக்கமாட்டேன், நாளை வேறு கணினியில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் டிடிஆர்3 ரேமைப் புது போர்டில் செருகவே முடியாது.