உங்கள் தெரு எந்த வார்டு?

2022 மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மக்களை வாக்களிக்க வைக்கப் போகிறோம் என்று பக்கத்துக் குடியிருப்பு இளைஞர்கள் நான்கு பேர் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் துண்டுப் பிரசுரத்தின் மாதிரி. 'நம் நகர் மக்களே, நம் வார்டு வேட்பாளர்களைச் சந்திப்போம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"நம் வார்டு எது?" என்று கேட்டேன். நான்கு பேரும் பதில் சொன்னார்கள். மூன்று வெவ்வேறு எண்கள்.

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவர்கள் மேல் இல்லை. 2022-இல் நான் அச்சடித்த பிரசுரத்திலும் ஏறக்குறைய இதே வாசகம்தான் இருந்தது.

பணம் வாங்காதே, கட்சிக்கொடி பிடிக்காதே போன்றவற்றை இங்கே எழுதவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும். தெரியாமல் சறுக்குகிற இடங்கள் வேறு.

நகர் வேறு, வார்டு வேறு

நான் இருப்பது தாம்பரம் மாநகராட்சியில். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் இது உருவானது. மொத்தம் 70 வார்டுகள். அதுவரை நகராட்சிக் கணக்கில் ஒரு வார்டு எண்ணும் பேரூராட்சிக் கணக்கில் ஒரு வார்டு எண்ணும் சொல்லிப் பழகியிருந்த மக்களுக்கு ஒரே நாளில் எல்லா எண்களும் மாறின. 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, புதிய மாநகராட்சிக்கு முதல் தேர்தல். குழம்புவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. நாங்களும் முறையாகக் குழம்பினோம்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பதிவு பெற்றது. லெட்டர்பேடு உண்டு, முத்திரை உண்டு. அதனால் 'எங்கள் நகர்' என்பது அரசாங்கமே ஒத்துக்கொண்ட ஓர் எல்லை என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது. நகர் என்பது மனை பிரித்து விற்றவர் வைத்த பெயர். வார்டு என்பது மறுவரையறையில் தெருத்தெருவாக எழுதி அரசு வெளியிட்ட எல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் நகரின் நடுச் சாலைக்குக் கிழக்கே ஒரு வார்டு, மேற்கே இன்னொரு வார்டு.

இது எனக்குத் தெரியவந்தது கல்யாண மண்டப மேடையில், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முன்னால். மூன்று வேட்பாளர்களை அழைத்திருந்தோம். ஓர் அம்மா எழுந்து, தன் தெரு மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சுயேச்சை வேட்பாளர் ஒருவர் கையிலிருந்த தெருப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தத் தெரு என் வார்டில் வரவில்லையே அம்மா" என்றார். அடுத்தடுத்து நான்கு பேர் எழுந்தார்கள். நான்கு பேருக்கும் அதே பதில். கூட்டத்தில் பாதிப் பேர், தாங்கள் வாக்களிக்கவே முடியாத வேட்பாளர்களின் பேச்சை ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். மேற்கு வார்டின் வேட்பாளர்களை நாங்கள் கூப்பிடவே இல்லை. சங்கம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று மறுநாள் பேச்சு கிளம்பியது. விளக்கம் சொல்லச் சொல்ல அது வலுத்தது.

அத்தோடு போயிருந்தால் மறந்திருப்பேன். பிரசுரத்தின் பின்பக்கத்தில் வாக்குச்சாவடியின் பெயரையும் போட்டிருந்தோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் எல்லோரும் வாக்களித்த பள்ளி. சட்டமன்றப் பட்டியல் தொகுதியைப் பாகம் பாகமாகப் பிரித்தது; உள்ளாட்சிப் பட்டியல் அதே பெயர்களை வார்டுவாரியாக மாற்றி அடுக்கியது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவதும் மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை. அடுக்கு மாறினால் சாவடியும் மாறலாம். எங்கள் மூன்று தெருக்களுக்கு மாறியிருந்தது.

வாக்குப்பதிவு அன்று காலை, எண்பது வயதைத் தொடும் ஒரு பெரியவர் கைத்தடியோடு அந்தப் பள்ளிக்கு நடந்தே போயிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை, ரயில் பாதைப் பக்கம் உள்ள பள்ளிக்குப் போங்கள் என்றிருக்கிறார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலம் என்னைப் பார்த்து, "உங்க நோட்டீசைப் பார்த்துத்தான் தம்பி போனேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வேலை என்னவோ இரண்டு சாயங்காலம்தான். வார்டு எல்லை அறிவிப்பில் தெருப் பெயர்கள் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு தெருவில் நடங்கள். உட்கார்ந்த இடத்தில் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே தெருவின் இரண்டு வரிசைகள் இரண்டு வார்டில் இருக்கலாம், பழைய கதவெண்ணும் புதிய கதவெண்ணும் கலந்திருக்கும். மின்கம்பத்திலும் தெருப் பலகையிலும் எழுதியிருக்கும் வார்டு எண்ணை நம்பவே வேண்டாம். பெயின்ட் அடித்தவர் எந்தக் காலத்தில் அடித்தாரோ. பிறகு வார்டு வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வார்டுக்கும் தனிப் பிரசுரம், தனி நிறக் காகிதம். கூட்டமும் தனித்தனி. மண்டப வாடகை இரட்டிப்பாகிறதே என்று பொருளாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

சாவடியின் பெயரை நீங்கள் அச்சடிக்கவே வேண்டாம். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம். செல்போன் பழக்கமில்லாதவர்களுக்கு வீடு வீடாகப் போய் நீங்களே தேடிக் காட்டுங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் நான் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

மேயருக்கு வாக்களிக்கச் சொல்வது

2011-இல் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1996, 2001-இல் நேரடி, 2006-இல் மறைமுகம். இந்த முறை விதி எது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அட்டை இருக்கிறதே!

வாக்காளர் அட்டை இருந்தால் போதாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

கவுன்சிலர் செய்ய முடியாததைக் கேட்பது

கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கினால் பாதி கழன்றுவிடும். மின்தடை மின்வாரியத்தின் பாடு. பட்டா வருவாய்த் துறை. ரேஷன் கடையில் அரிசி சரியில்லை என்றால் உணவு வழங்கல் துறை. தேசிய நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலைப் பள்ளத்தை எந்தக் கவுன்சிலராலும் மூட முடியாது. இவற்றைக் கேட்டால் வேட்பாளர் எல்லாவற்றுக்கும் 'செய்கிறேன்' என்பார், கைதட்டலும் கிடைக்கும். குப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், உட்புறச் சாலையைத் தோண்டினால் எப்போது மூடுவார்கள், வடிகால் எந்த மாதம் தூர்வாரப்படும் என்று கேளுங்கள். தேதியும் பெயரும் வருகிற பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். 'ஆவன செய்யப்படும்' என்பதையும் எழுதுங்கள். பிறகு படித்துக்காட்ட உதவும்.

வேட்பாளரின் கணவருக்கு மைக் கொடுப்பது

இடங்களில் பாதி பெண்களுக்கு. வேட்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, "அவங்களுக்குப் பதிலா நான் சொல்றேன்" என்று கணவரோ மைத்துனரோ எழுந்து வருவார். மைக்கை விடாதீர்கள். 2022-இல் நான் விட்டேன். அந்த வேட்பாளர் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது, குப்பைக் கிடங்கு பற்றி மேடையில் பேசிய எல்லோரையும்விடத் தெளிவாகப் பேசினார். கேட்டது நானும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும்.

மனிதச் சங்கிலி

வேண்டாம்.

வாக்கு எண்ணிக்கையோடு கடையை மூடுவது

எங்கள் வாட்ஸ்அப் குழு முடிவுகள் வந்த பிப்ரவரி 22 அன்று வாழ்த்துச் செய்திகளால் நிரம்பியது. மார்ச் மாதத்திலிருந்து காலை வணக்கமும் ரத்த தான வேண்டுகோளும்தான். ஒவ்வொரு வார்டுக்கும் குழு, வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்று விதிகள் வந்தபோது அதைக் கவனிக்க ஆளில்லை. 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று பகுதி சபைகள் கூடின. எங்கள் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எங்கள் சங்கத்துக்கு அது மறுநாள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தை விடவில்லை. நடுச் சாலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மட்டும் வீடு வீடாகச் சொன்னோம். பதினேழு பேர் வந்தார்கள். வடிகால் பேச்சு வந்தது, தூர்வாரும் மாதம் பற்றி வாக்குவாதம் வந்தது, டீயும் வந்தது. கைத்தடிப் பெரியவர் கொஞ்சம் தாமதமாக வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காராமல், என்னைத் தாண்டிப் போய் வருகைப் பதிவேடு வைத்திருந்த மாநகராட்சி ஊழியரிடம் கேட்டார்: "இது எங்க வார்டுதானே?"