மாருதி ஈகோ வேனில் தனியாக ஊர் சுற்ற: முதலில் தூக்கத்துக்கு வழி செய்யுங்கள்

வேனை வீடாக்கிப் போகிறவர்களின் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எடுத்தவை. அதைப் பார்த்துவிட்டு மரப்பலகைச் சுவர், அலமாரி, அடுப்பு மேடை என்று பணத்தைக் கொட்டாதீர்கள். நம் ஊரில் வண்டிக்குள் இருக்க விடாமல் செய்வது புழுக்கமும் கொசுவும்தான். தூக்கம் கெட்டால் மறுநாள் ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் நான் எதை வாங்கினாலும், எங்கே நிறுத்தினாலும் தூக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் வேலை. வண்டி மாருதி ஈகோ. அதன் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நிறுத்தினால், சீட்டுப் பக்கம் சூடு அடங்க நெடுநேரம் ஆகும். எனவே தலைமாட்டைப் பின்கதவுப் பக்கம் வையுங்கள். கட்டிலை அலுமினிய செக்‌ஷனில், நட்டைத் திருகினால் கழன்று வருகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். வண்டியின் உடம்பில் வெட்டுவதோ வெல்டிங் வைப்பதோ வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பின் சீட்டைக் கழற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கொசுவலை. இதில் அவசரமே கூடாது. ஜன்னல் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை பெரிதாக நைலான் வலையை வெட்டி, ஓரத்தில் பட்டையான துணியை மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். மடிப்பு உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்க வேண்டும். தைத்து முடித்த பிறகுதான் சின்ன வட்டக் காந்தங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, நடுநடுவே கையால் நாலு தையல் போட வேண்டும். காந்தத்தை முதலிலேயே வைத்தால் அது மெஷின் ஊசியை இழுத்து உடைத்துவிடும். இந்த வலையை வெளிப்பக்கமாகக் கதவுத் தகட்டில் வைத்தால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை ஒரு கை நுழைய முடியாத அளவுக்கு மட்டும், இரண்டு பக்கமும் திறந்து வையுங்கள். அப்போதுதான் காற்று ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும்.

அதோடு ஒரு 12 வோல்ட் ஃபேன். 20 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 160 வாட்-அவர்தான். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஏறக்குறைய 1,280 வாட்-அவர் இருக்கும். லேப்டாப்புக்கும் சேர்த்தே இரண்டு நாள் வரும். வண்டி ஓடும்போது அதன் மின்சாரத்தை இந்தப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வழியாக அதை ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் தேவையில்லை என்றாலும் விடாதீர்கள்.

ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். இன்ஜின் புகையிலும் இருக்கும் அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. சமையலும் வெளியேதான்: பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை, அதன் கீழே ஐந்து கிலோ சிலிண்டர். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கட்டிலுக்கு அடியில்தான் தங்கும். படுக்குமுன் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள்.

இனி இடம். நான் இருட்டும் முன்பே இடம் பார்த்துவிடுவேன். நால்வழிச் சாலைகளில் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெரிய பெட்ரோல் பங்க் நல்லது: வெளிச்சம், கேமரா, கழிப்பறை எல்லாம் உண்டு. டீசல் போட லாரிகள் நிற்கும் வரிசைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். கோயில் ஊர்களில் தேவஸ்தான விடுதி வளாகம், மலை ஊர்களில் ஹோம்ஸ்டே முற்றம். காசு கொடுத்தாவது உள்ளே நிறுத்துங்கள். கேட்காமல் நிறுத்துவது கூடாது. "அண்ணா, ராத்திரி இங்க வண்டிய நிறுத்திக்கட்டுங்களா? விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கெளம்பிருவனுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். தனியாக வந்திருப்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆற்று மணலில் நிறுத்தாதீர்கள், அணையில் தண்ணீர் திறந்தால் ஓட நேரம் இருக்காது. தென்னை மரத்தடியும் வேண்டாம். முன்கண்ணாடி மேற்கே பார்த்து நின்றால் அது வழியாகக் காலை வெயில் உள்ளே வராது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் சாலையும் பந்திப்பூர் காட்டுச் சாலையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி கணக்குகளை நான் தாக்கல் செய்ய வேண்டும். அந்த இரண்டு தேதிகளுக்கும் முந்தின நாளே நான் ஒரு ஊரில் அறை எடுத்துவிடுவேன். நல்ல சிக்னல், துவைக்கத் தண்ணீர், நீட்டிப் படுக்கக் கட்டில். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கழிப்பறைக்கு ராத்திரி இறங்கி நடக்க வேண்டாம். இறுக்கமான மூடி போட்ட வாளி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் கழிப்பறையில் கொட்டிக் கழுவினால் சரி.

படுக்கும் முன் ஓட்டுநர் சீட்டில் எந்தச் சாமானும் இருக்கக் கூடாது, சாவி எப்போதும் ஒரே கொக்கியில். எழுந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும். நிற்கும் இடத்தின் லொக்கேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். நான் அக்காவுக்கு அனுப்புவேன். அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. போன் சார்ஜ் தீர்ந்தாலும் அடுத்தவர் போனிலிருந்து கூப்பிட, இந்த எண்களோடு வீட்டு எண்ணையும் டாஷ்போர்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.