லாக்டியை ஒரே முகவரியில் கட்டிப்போடுவது எப்படி

ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு, ஒன்று ஆபீசுக்குள், இன்னொன்று வெளியே ரவுட்டர் பக்கம் என்றால், என்எஃப்எஸ்ஸுக்காக (நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் முறை) லாக்டியை (ஒரே ஃபைலை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் லாக் போடும் பின்னணி புரோகிராம்) இயக்கியதுமே அது இரண்டு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முகவரி சொல்லாவிட்டால் எல்லா முகவரியும் என்பதுதான் அதன் இயல்பு.

முதலில் ஒன்று பாருங்கள். எல்லா கிளையண்டும் என்எஃப்எஸ் 4 தானா? அதில் ஃபைல் லாக் நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது, 2049 போர்ட் போதும், லாக்டியையும் அதன் துணை புரோகிராமான ஸ்டாட்டியையும் அணைத்துவிடலாம். பதிப்பு 3 என்றால்தான் இந்த வேலையெல்லாம்.

சரி, எட்சி அடைவில் உள்ள ஆர்சி.கான்ஃப் ஃபைலைத் திறந்து, ஆர்பிசி_லாக்டி_ஃபிளாக்ஸ் வரியில் ‘-எச் 192.168.10.5 -பி 4045’ என்று கொடுங்கள் (எச், பி இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில்; முகவரி உதாரணம்தான், உங்கள் ஆபீஸ் பக்கக் கார்டின் முகவரியைப் போடுங்கள்). எச் முகவரிக்கு, பி போர்ட்டுக்கு; போர்ட்டை நிலையாக வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் எண்ணைப் பிடிக்கும், ஃபயர்வால் விதி எழுதவே முடியாது. 127.0.0.1 (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) தானாகவே சேர்ந்துகொள்ளும், நீங்கள் எழுத வேண்டாம். ஸ்டாட்டிக்கும் இதே மாதிரி, போர்ட் மட்டும் 4046. பலர் ஸ்டாட்டியை மறந்துவிடுகிறார்கள். சர்வர் விழுந்து எழுந்தால், லாக் வைத்திருந்த கிளையண்டுகளுக்கு ‘திரும்ப வந்து வாங்கிக்கொள்’ என்று சொல்வதே அதுதான்.

எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் என்று கிளையண்டுக்குச் சொல்லும் ஆர்பிசிபைண்டுக்கும் (அதன் போர்ட் 111) எச் உண்டு, ஆனால் மேனுவல் அதை யுடிபி கோரிக்கைகளுக்கு என்றே சொல்கிறது. அதனால் வெளிக் கார்டில் 111ஐ ஃபயர்வாலிலும் அடைத்துவிடுங்கள்.

யாரும் ஃபைல் திறந்து வைத்திருக்காத நேரத்தில் ஸ்டாட்டி, லாக்டி இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து, திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் சாக்ஸ்டாட் கட்டளையில் 4045ஐத் தேடுங்கள். முன்னால் உங்கள் முகவரி வந்தால் சரி, நட்சத்திரக் குறி வந்தால் ஃபிளாக்ஸ் வரியில் எங்கேயோ எழுத்துப்பிழை. கிளையண்டிலிருந்து ஆர்பிசிஇன்ஃபோ கட்டளை போட்டால் 100021 (லாக்டி), 100024 (ஸ்டாட்டி) என்ற புரோகிராம் எண்கள் இரண்டும் தெரிய வேண்டும். அப்புறம் இரண்டு கிளையண்டிலிருந்து ஒரே ஃபைலை லாக் செய்து பாருங்கள், இரண்டாவது ஆள் காத்து நிற்க வேண்டும்.

நான் பட்ட பாடு ஒன்று: சர்வர் முகவரியை டிஎச்சிபியில் (முகவரியைத் தானாக ஒதுக்கும் முறை) விட்டிருந்தேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது முகவரி மாறிப்போக, எச்சில் எழுதிய முகவரி எந்தக் கார்டிலும் இல்லாததால் லாக்டி எழவே இல்லை. மவுண்ட் நன்றாக இருந்தது, ஃபைல் படிக்க முடிந்தது, லாக் கேட்ட புரோகிராம்கள் மட்டும் அப்படியே நின்றன. அரை நாள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். எச் எழுதும் முன்பே முகவரியை நிலையாக்கிவிடுங்கள்.